பதினேழாம் எண்

வளர்ச்சி என்ற சொல்லை நாம் மிகுந்த சௌகரியத்தோடு உபயோகிக்கிறோம். பள்ளி இறுதி நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏதோவொரு விதத்தில் தாங்கள் வளர்ந்துவிட்டதையே எழுதுகிறார்கள். யாரை விட்டுவிட்டு வளர்ந்தோம் என்பது எழுதப்படுவதில்லை.

நான் பிளஸ் டூ முடித்தது 2006இல். பிரிவுபசார தினத்தன்று எடுத்த புகைப்படத்தில் நாற்பத்தொரு பேர் இருக்கிறோம். வருஷ ஆரம்பத்தில் நாற்பத்திரண்டு பேர். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன் ஒருவனை டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். கணக்கில் தேறமாட்டான், பள்ளியின் நூறு சதவீதம் கெட்டுவிடும் என்று காரணம். தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாமே என்றும் சொன்னார்கள். அவனுடைய டி.சி.யில் நடத்தை 'நன்று' என்றிருந்தது. எங்கள் டி.சி.க்களிலும் அதே சொல்தான். ரிசல்ட் வந்தது, நூறு சதவீதம். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

நிகோமாகிய அறவியலின் ஒன்பதாம் புத்தகத்தில் அரிஸ்டாட்டில் ஒரு கேள்வி எழுப்புகிறார். நண்பர்களில் ஒருவன் புத்தியில் சிறுவனாகவே இருந்துவிட, மற்றவன் முதிர்ந்துவிட்டால் அந்த நட்பு நீடிக்குமா? நீடிக்காது என்பதே அவர் முடிவு. ஆனாலும் பழைய நெருக்கத்தை நினைத்து, அவனை அந்நியனைப் போல நடத்தலாகாது என்கிறார். இதில் கண்ணியம் இருக்கிறது. ஆனால் கேள்வி முழுவதும் வளர்ந்தவன் பக்கம் நின்று கேட்கப்படுகிறது. ஒருவன் அப்புறப்படுத்தப்பட்டதனாலேயே மற்றவன் வளர்ந்தவனாகத் தென்படக்கூடும் என்ற சாத்தியம் அங்கே எழுவதில்லை.

பதினேழு வயதுப் பையன்கள் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். ஒன்றும் முடியாதுதான். ஆனால் அன்று அது என்னை உறுத்தவே இல்லை. இன்று உறுத்துவது அதுதான். இந்த உறுத்தலையே என் வளர்ச்சிக்கு அத்தாட்சியாக வைத்துக்கொள்ளலாமா என்று ஓர் ஆசையும் வருகிறது. அப்படிச் செய்தால் அவனை இரண்டாம் தடவையும் உபயோகித்துக்கொண்டவனாவேன். முதலில் பள்ளியின் சதவீதத்துக்கு, இப்போது என் மனசாட்சியின் அலங்காரத்துக்கு.

2017இல் தமிழக அரசு மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. நல்ல காரியம். முதலில் வந்தவர்களின் பெயர்கள் அந்த அறிவிப்பிலிருந்து மறைந்தன. வெளியே அனுப்பப்பட்டவர்களின் பெயர்கள் அதில் எப்போதுமே இருந்ததில்லை. நூறு சதவீதப் பள்ளிகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகும் அறிவிக்கப்பட்டது.

வருகைப் பதிவேட்டில் அவன் பதினேழு, நான் பதினெட்டு. அவன் போனபின் எண்களைத் திருத்தி எழுதினார்கள். மறுநாள் காலை ஆசிரியர் பதினேழு என்று வாசித்தபோது வகுப்பு ஒரு கணம் பேசாமல் இருந்தது. பிறகு நான் எழுந்து 'உள்ளேன் ஐயா' என்றேன்.