பூட்டிய கணக்கு

பெயர் அதே பெயர்தான். கடவுச்சொல்லும் அதேதான். ஆயினும் கணினி, “அனுமதி இல்லை” என்று கையை விரித்து விடுகிறது. விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகு, தாமே மறைகுறியாக்கி வைத்திருந்த பழைய கோப்புகளைத் திறக்கப் போய்த் திகைத்து நின்றவர்கள் பலர். கோப்புகளின் பெயர்கள் கண்ணெதிரே வரிசையாக நிற்கின்றன, தேதி தெரிகிறது, அளவு தெரிகிறது. உள்ளே இருப்பது மட்டும் கிடைப்பதில்லை.

இந்தப் பூட்டு 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000இல் புகுந்தது. ஒவ்வொரு கோப்பையும் ஒரு சாவி பூட்டுகிறது. அந்தச் சாவியை உரிமையாளருடைய மற்றொரு சாவி பூட்டுகிறது. இந்த இரண்டாவது சாவி அவருடைய கணக்குக்குரிய இடத்தில், விண்டோஸ் இருக்கும் பகுதியிலேயே கிடக்கும். கடவுச்சொல் என்பது சாவி அல்ல. சாவி இருக்கும் பெட்டியின் மூடி. கோப்புகள் வேறு பகுதியில் பத்திரமாக இருந்தாலும், பழைய விண்டோஸ் அழியும்போது பெட்டியும் சாவியும் சேர்ந்தே போய்விடுகின்றன. மேலும், கணினி நம்மைப் பெயரால் அறிவதில்லை; கணக்குத் தொடங்கும்போது தானே இட்ட ஒரு நீண்ட எண்ணால் அறிகிறது. அதே பெயரில் திரும்பி வந்தவரும் அதற்குப் புதியவரே.

இது அநியாயமல்லவா என்று கேட்கத் தோன்றும். சற்றுச் சிந்தியுங்கள். கணினியைத் திருடிச் சென்றவன் என்ன செய்வான்? அவனும் விண்டோஸைப் புதிதாக நிறுவி, உங்கள் பெயரையே இட்டு, திறந்துதான் பார்ப்பான். உங்களுக்குத் திறந்திருந்தால் அவனுக்கும் திறந்திருக்கும். பூட்டின் மீது குற்றமில்லை.

“என் கோப்பு, என் நஷ்டம், பிறருக்கென்ன?” என்பார் சிலர். நாட்குறிப்பும் புகைப்படமும் என்றால் சரிதான். ஆனால் பூட்டி வைத்தது கொடுக்கல் வாங்கல் கணக்காக இருந்தால்? தம்பியின் வீட்டுப் பங்கு, விதவைப் பெண் ஒருவர் நம்பிக் கொடுத்து வைத்த தொகை, வாங்கிய கைமாற்று இவையெல்லாம் அதில் இருந்தால்? அப்போது அது நம்முடைய இரகசியமல்ல, பிறருடைய அமானிதம். கடனை எழுதி வைக்கப் பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் சாட்சிகளையும் வைக்கச் சொல்கிறது. நம் ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரிய எழுதியது எழுத்தாகுமா?

622ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டது மிகவும் இரகசியமாக. ஆயினும் மக்கள் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை அங்கேயே விட்டுச் சென்றார்கள். பயணம் மறைக்கப்பட்டது; அமானிதம் மறைக்கப்படவில்லை.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. பூட்டியவர் அன்றே சாவியின் நகலை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கலாம்; சில நிமிட வேலை. ஆனால் அதை யாரிடம் கொடுப்பது? வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து விட்டுப் போக நாம் தயங்குவதில்லை. இதை மனைவியிடம் கொடுக்கவும் கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில் பாதி எச்சரிக்கை. மீதி என்னவென்று அவரவர் மனத்துக்குத் தெரியும்.

இழந்தவர் இனிச் செய்யக்கூடியது ஒன்றுதான். கணக்கு அழிந்ததால் கடன் அழியாது. ஒவ்வொருவர் வாசலுக்கும் போய், “என்னிடம் இருந்த எழுத்து போய்விட்டது, உங்கள் நினைவில் உள்ளதைச் சொல்லுங்கள், தருகிறேன்” என்று நிற்க வேண்டியதுதான். கூட்டிச் சொல்பவர்களைப் பற்றித்தான் எல்லோரும் அஞ்சுவார்கள். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. அந்த விதவைப் பெண் மறதியால் ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொல்லிவிட்டால், “இல்லையம்மா, இன்னும் இருக்கிறது” என்று எடுத்துச் சொல்ல அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.