சான்றிதழ் சொல்லாத குறை

இங்கிலாந்தில் வீடு விற்பவர், அவ்வீட்டிற்கு எரிபொருள் எவ்வளவு செலவாகும் என்று காட்டும் சான்றிதழை வாங்க வருபவரிடம் காட்டியாக வேண்டும். 2007 ஆகஸ்டில் பெரிய வீடுகளுக்குத் தொடங்கிய இச்சட்டம், அடுத்த ஆண்டிற்குள் எல்லா வீட்டு விற்பனைக்கும் வந்துவிட்டது. சிக்கனமான வீட்டிற்கு ‘ஏ’, எரிபொருளை விழுங்கும் வீட்டிற்கு ‘ஜி’ என்று தரம் இடுகிறார்கள். ஒருமுறை பெற்றால் 10 ஆண்டு செல்லும்.

நல்ல சட்டந்தான். வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது அந்நாட்டின் பழைய கொள்கை. நம் ஷரீஅத்தோ விற்பவன் மீதே பொறுப்பை வைத்தது. தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்திருந்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸ் நம் சிறுவர்களும் அறிந்ததே.

ஆனால், சான்றிதழைக் காட்டியதோடு பொறுப்பு நீங்கிவிடுமா?

தரம் பார்க்க வருபவர் சுவரை உடைத்துப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் கட்டடத்தின் வயதை வைத்து அனுமானிக்கிறார். இரட்டைச் சுவரின் இடையே குளிருக்காக அடைத்த பஞ்சு மழைநீரில் ஊறிக் கெட்டுவிட்டது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். தாளிலோ நல்ல தரம் இருக்கிறது. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எனினும் இது அந்த ஈரத் தானியமே என்பதில் நமக்கு ஐயமில்லை. அறிந்த குறையைச் சொல்வது வாஜிபு. தாள் அதற்கு ஈடாகாது.

இதில் அளவு மீறவும் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டுச் செங்கல் வீடுகள் பெரும்பாலும் இடைவெளியற்ற சுவர் கொண்டவை; குளிர் தாங்காதவை. அவ்வகைப் பொருளில் வழக்கமாக இருக்கக் கூடாத, மதிப்பைக் குறைக்கும் ஒன்றையே ஃபுகஹாக்கள் ‘ஐபு’ என்கிறார்கள். பழைய வீடு பழைய வீடாக இருப்பது ஐபு ஆகாது.

விற்பவருக்கே தெரியாத குறையானால் அவர் மீது குற்றமில்லை. ஆயினும், விற்பனைக்கு முன்பே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஷாபிஈ மத்ஹபில் அதைத் தாமதமின்றிக் கோர வேண்டும்.

சொன்னால் விலை குறையுமே என்பார்கள். குறையத்தான் செய்யும். மறைத்துப் பெறும் அந்த மிச்சத்தில் பரக்கத் இராது என்பதும் ஹதீஸில் வந்ததே.

இன்னொன்றும் உண்டு. விற்பவர் மறைத்தால், அக்குறையை அறிந்த தரகரும் அண்டை வீட்டாரும் வாங்குபவரிடம் அதைச் சொல்வது கடமை என்று இமாம்கள் எழுதியுள்ளனர்.