நம்பகமான துப்பாக்கி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம், பெட்ரோல் நிலையமும் அதையொட்டிய சிறு கடையும் நடத்தி வருகிறான் என் தமக்கையின் மகன். ஓர் இரவு கடைக்குள் புகுந்த இருவர், பணப்பெட்டியில் இருந்ததை எடுத்துக்கொண்டதோடு நில்லாமல், பணியிலிருந்த முதியவரின் தலையிலும் அடித்துவிட்டுச் சென்றனர். அவர் பிழைத்துக்கொண்டார். சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தவன், "மாமா, இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்றிருக்கிறேன். எது நம்பகமானது என்று பலரிடமும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றான்.

தேசிய மாணவர் படையில் ஒரே ஒருமுறை துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். என்னிடம் அவன் வேறெதையோ கேட்கிறான் என்பது புரிந்தது. ஆயினும் அவன் சொன்ன 'நம்பகம்' என்ற சொல்லிலிருந்தே தொடங்குவதுதான் நேர்மை என்று பட்டது.

சட்டம் அவனைத் தடுக்கவில்லை. டெக்சாசில் 2021 செப்டம்பர் முதல் நாளிலிருந்து, 21 வயது நிரம்பி, வேறு சட்டத்தடை ஏதும் இல்லாதவர் உரிமமின்றியே கைத்துப்பாக்கியை உடன் கொண்டு செல்லலாம். தற்காப்புக்காக வீட்டுக்கு வெளியிலும் அதை வைத்திருப்பது குடிமகனின் அரசியல் சாசன உரிமை என்று 2022-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சட்டம் ஒதுங்கி வழிவிட்டபின் சுமை முழுவதும் மனச்சான்றின் தோளில் இறங்குகிறது.

கருவியைப் பொறுத்தவரை நம்பகம் என்பதற்குத் தெளிவான பொருள் உண்டு. விசையை அழுத்தினால் வெடிக்க வேண்டும். அழுத்தாதவரை, கீழே விழுந்தாலும் வெடிக்கக் கூடாது. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கத் தவறினால், விசையை மீண்டும் அழுத்த, உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். ஆனால் சிறிய ரிவால்வர் பெரும்பாலும் ஐந்து தோட்டாக்களையே கொள்ளும். பிஸ்டலில் தோட்டாக்கள் மிகுதி. வெடிப்பின் பின்னுதைப்பே வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. பிடிக்கும் மணிக்கட்டு தளர்ந்திருந்தால் அது நடுவில் சிக்கிக்கொள்ளவும் கூடும். எனவே வாங்கியதும் 200 தோட்டாக்களேனும் சுட்டுப் பார்த்து, ஒன்றும் சிக்காதிருந்தால் மட்டுமே இடுப்பில் செருகு என்று அங்குள்ள பயிற்றுநர்கள் கூறுவதுண்டாம். விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறையும் வேண்டும். இவையெல்லாம் மருமகன் எனக்குக் கற்பித்த பாடங்கள். நல்ல மாணவனாகவே கேட்டுக்கொண்டேன்.

அவன் பக்கத்து நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தன்னைக் கொல்ல வருபவனை ஒரு தனிமனிதன் கொல்லலாம் என்பதைத் தூய அகுஸ்தீன் ஏற்கவில்லை. போர்வீரனுக்கும் அரசப் பணியாளனுக்கும் மட்டுமே அவர் விலக்கு அளித்தார். எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த தூய தாமஸ் அக்குவினாசோ, ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம் என்றார். தன்னுயிரைக் காப்பதே நோக்கமாக இருந்து, எதிரியின் மரணம் அந்நோக்கத்துக்குப் புறம்பாக நேர்ந்தால் அது குற்றமாகாது; ஆனால் தேவைக்கு மிஞ்சிய வன்முறை குற்றமே என்பது அவர் காட்டிய எல்லை. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இவ்வழியையே பின்பற்றி, பிறருடைய உயிருக்குப் பொறுப்பேற்றவர்களுக்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்றிக் கடமையும் ஆகலாம் என்கிறது. அடிபட்ட முதியவருக்கு வேலை கொடுத்தவன் என் மருமகன். அந்தப் பொறுப்பு கற்பனையன்று.

இங்கே எனக்கு ஒரு தயக்கம். தாமஸ் அக்குவினாசின் வாதத்தைப் படிக்கையில், திடீரெனத் தாக்கப்பட்டு, ஆராய நேரமின்றிக் கையை ஓங்குகிற மனிதனே என் கண்முன் வருகிறான். கடையில் துப்பாக்கி தெரிவு செய்பவனுக்கோ நேரம் இருக்கிறது. எந்த அளவுத் தோட்டா ஓர் உடலை விரைவில் வீழ்த்தும் என்று அமைதியாக, விலையும் விசாரித்து, அவன் முடிவு செய்கிறான். முனையில் குழிவுள்ள தோட்டாவை வாங்கச் சொல்கிறார்கள். உடலுக்குள் புகுந்ததும் அது மலர்ந்து விரியும். அத்தகைய குண்டுகளுக்கு முன்னோடியானதொன்று நம் நாட்டிலே, கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் 1890-களில் உருவானது. அது ஊரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது. உடலில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்று 1899-இல் ஹேக் மாநாடு அறிவித்தது. போர்க்களத்துக்குக் கொடியது என்று ஒதுக்கியதைப் பெட்டிக் கடைக்காரன் இடுப்பில் வைத்துக்கொள்ளலாமா? ஆனால் அந்தக் குண்டு உடலைத் துளைத்து வெளியேறி, பின்னால் பால் வாங்க நிற்கும் பெண்ணைக் கொல்லும் வாய்ப்பு குறைவு என்பதே அதை வாங்கச் சொல்பவர்களின் விடை. அவ்விடையும் பொய்யன்று. சுடுவது கொல்வதற்காக அன்று, தாக்குதலை நிறுத்துவதற்காகவே என்று பயிற்றுநர்கள் ஓயாமல் சொல்வார்களாம். அக்குவினாசைப் படித்திராதவர்கள் அவருடைய வேறுபாட்டையே சொல்கிறார்கள். அந்த நோக்கம் உண்மையில் நெஞ்சில் இருக்கிறதா, நாவில் மட்டும்தானா என்பதைச் சுடுபவனே அறிவான். சில வேளைகளில் அவனும் அறியான்.

2019 டிசம்பர் 29 அன்று டெக்சாசின் ஒயிட் செட்டில்மென்ட் என்னும் ஊரில், ஞாயிறு வழிபாட்டின் நடுவே ஒருவன் எழுந்து இருவரைச் சுட்டுக் கொன்றான். ஆலயத்தின் தன்னார்வக் காவலர் ஒருவர் ஒரே குண்டில் அவனை வீழ்த்தினார். எல்லாம் ஏறத்தாழ ஆறே நொடிகளில் முடிந்தது. இதைத்தான் என் மருமகன் எனக்கு எடுத்துக்காட்டினான். நானும் மறுக்கவில்லை, அவர் இல்லையேல் இன்னும் பலர் இறந்திருப்பர். ஆனால் அவர் துப்பாக்கிப் பயிற்சியளிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர். இறந்த இருவருள் ஒருவரும் காவல் குழுவைச் சேர்ந்தவரே. அவரிடமும் துப்பாக்கி இருந்தது. அதை எடுக்க முயன்றபோதே அவர் வீழ்ந்தார்.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2014 டிசம்பர் 30 அன்று, ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில் இன்னொன்று நடந்தது. குழந்தைகளுடன் பெரிய அங்காடி ஒன்றுக்குச் சென்றிருந்தார் ஓர் இளம் தாய். துப்பாக்கியை மறைத்து வைப்பதற்கென்றே தனி அறையுடன் தைத்த கைப்பை அவருடையது. இரண்டு வயது மகனின் கை அதற்குள் நுழைந்தது. ஒரு வெடி. தாய் அங்கேயே இறந்தார். அந்தத் துப்பாக்கியில் பழுதில்லை. விசையை அழுத்தினால் வெடிக்க வேண்டும் என்ற இலக்கணத்துக்கு அது இம்மியும் பிசகவில்லை. கெத்சமனியில் பேதுரு உருவிய வாளும் நல்ல வாள்தான். வெட்டுப்பட்டது ஒரு பணியாளின் காது.

துப்பாக்கி தன் உரிமையாளனை அறியாது; விரலை மட்டுமே அறியும். அந்த விரல் குழந்தையுடையதாகலாம், திருடனுடையதாகலாம், உரிமையாளனே நம்பிக்கையிழந்து கிடக்கும் ஓர் இரவில் அவனுடையதாகவும் ஆகலாம். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்வோரில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் இறந்துபோகிறார்கள். மருந்தை விழுங்கியவனுக்கு, மனம் மாறிக் கதவைத் தட்ட ஒரு நாழிகையாவது கிடைக்கும். இங்கே அது இல்லை. கருவி எவ்வளவு நம்பகமோ அவ்வளவுக்கு மன்னிப்பற்றது.

இவற்றையெல்லாம் அவனிடம் சொன்னேன். வாங்காதே என்று சொல்லவில்லை. கடலுக்கு இப்பால் கூரைக்கு அடியில் நிம்மதியாக உறங்குபவன், நள்ளிரவில் வசூலுடன் வீடு திரும்புபவனுக்கு அப்படிச் சொல்வது மலிவான அறிவுரையாகிவிடும். கடையில் பணம் வைப்பதைக் குறைக்கலாமா, இரவில் இருவரை அமர்த்தலாமா, கேட்டால் கொடுத்துவிடும்படி பணியாளர்களிடம் சொல்லலாமா என்று மட்டும் கேட்டேன். இரவுக் காவலுக்கு இன்னொருவரைச் சேர்த்தான். துப்பாக்கியும் வாங்கினான்.

போன மாதம் பேசினோம். 200 தோட்டாக்கள் சுட்டதில் ஒன்றும் சிக்கவில்லை என்றான். வீட்டில் எண் பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் வைக்கிறானாம். அவன் மகனுக்குப் பதினைந்து வயது. இவ்வாண்டு பள்ளியில் ஏதோ மனக்கசப்பு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறான் என்று தமக்கை முன்பே சொல்லியிருந்தாள். "எண்ணை எப்படித் தேர்ந்தெடுத்தாய்?" என்று கேட்டேன்.

"தாத்தா பிறந்த வருடம், மாமா. எனக்கு மறக்காது" என்றான். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவனே சொன்னான்: "அது அவனுக்கும் தெரியும்."