பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே

சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் தொடங்கிய கம்பெனி; நூறு படங்களுக்கு மேல் தயாரான இடம். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் இந்தக் கம்பெனியிலிருந்துதான் வந்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைப்பதில்லை. அவ்வளவு பெரிய கம்பெனியின் படத்துக்கே அந்தக் கதி என்றால், ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் பீரோவுக்கு மேல் தூசி படிந்து கிடக்கிற கல்யாண கேசட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வி.எச்.எஸ். கேசட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் காந்தத் துகள், துகளைப் பிடித்துவைக்க ஒரு பசை. ஈரம் பட்டால் பசை பிசுபிசுத்துவிடும். பூஞ்சை வெள்ளையாகப் படரும். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். நாடா தப்பித்தாலும் ஓட்ட டெக் வேண்டுமே! கடைசிவரை டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது.

ஆகவே டிஜிட்டலுக்கு மாற்றத்தான் வேண்டும். மாற்றித் தரும் கடையில், டெக்கின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைச் செருகி கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். இதில் குறுக்குவழி கிடையாது. மூன்று மணி நேர கேசட் ஏற மூன்று மணி நேரம் ஆகும். கடைக்காரர் ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார். பென்டிரைவ் வீட்டுக்கு வரும். பீரோவுக்கு மேல் கிடந்தது பீரோவுக்குள் போகும், அவ்வளவுதான்.

அந்த மூன்று மணி நேரத்தை விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி.

எங்கள் கேசட் ஒன்று வீட்டிலேயே ஏறியபோது பெரியத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்தோம். தாலி கட்டியதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர், பந்தி வந்ததும் நிமிர்ந்தார். லைட் பிடிக்கிற பையன் ஒயரை இழுத்துக்கொண்டு இலை இலையாக நகர்கிறான்; வாயில் சோற்றோடு ஒவ்வொருவரும் கண்ணைச் சுருக்குகிறார்கள். “இது மோகனூர் மாமா. கையப் பாரு கண்ணு, லாரி பாடி பட்டறையில விரல் போயிருச்சு. பக்கத்துல இருக்கறவ இணைச்சீருக்கு உக்காந்தாளே, அவளேதான்.” சாப்பிடுவதை எதற்கு இவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று எல்லாரும் ஓட்டிவிடுகிற பகுதி அது. முகம் நாடாவில் இருந்தது. பெயர் அத்தையிடம் இருந்தது. அவர் பேசப் பேச போனில் பதிந்துகொண்டோம்.

எல்லாவற்றையும் சேர்த்துவைத்து என்ன செய்ய என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கழிப்பதில் தப்பில்லை, பார்த்துவிட்டுக் கழிக்கலாம். பார்க்காமல் வெட்டினால் முதலில் போவது பந்திதான்.

பென்டிரைவும் ஒருநாள் படுத்துவிடும். ஹார்டு டிஸ்கில் ஒன்று, சொந்தக்காரர் வீட்டில் ஒன்று என்று இரண்டு காப்பி வையுங்கள். படத்துக்கு எத்தனை காப்பி வேண்டுமானாலும் போடலாம். அதில் இருப்பவர் யார் என்று தெரிந்தவருக்குப் போட முடியாது. பெயர் தெரியாத முகம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பேரப்பிள்ளைக்கு அது யாரோ ஒருவர்தான். அதனால் டெக் தேடி அலைவதற்கு முன், வீட்டில் மூத்தவருக்கு ஒரு போன் போட்டு, எந்த ஞாயிற்றுக்கிழமை சௌகரியம் என்று கேளுங்கள்.