சிட்வெல்லின் ஆடுகள்

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தெற்கு ஓரத்தில் மோர்பாத் என்று ஒரு சிற்றூர். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே குடியிருந்தவை 33 குடும்பங்கள். 1520இல் பங்குச் சாமியாராக வந்த கிறிஸ்டோபர் ட்ரிக்கி 1574இல் சாகும்வரை அந்த ஊரை விட்டுப் போகவில்லை. கோயில் வரவுசெலவைத் தன் கையாலேயே எழுதிவந்தார். இரவில் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கணக்கைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

முதலில் கண்ணில் படுவது ஆடுகள். மாதாவின் பெயரில் சில, புனித சிட்வெல்லின் பெயரில் சில. அவற்றுக்கென்று தனிக் கொட்டில் கிடையாது. ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பிரித்துக்கொண்டு ஊரார் தங்கள் மந்தையோடு சேர்த்து மேய்த்தார்கள். கம்பளி விற்ற காசு சுரூபங்களுக்கு முன்னால் எரியும் விளக்குகளுக்குப் போனது. எந்த ஆடு யார் வீட்டில் நிற்கிறது, எது செத்தது என்று வருடாவருடம் எழுதி, ஊர் கூடியிருக்கும்போது சாமியார் உரக்கப் படித்துக் காட்டுவார். செத்த ஆட்டைக்கூட அவர் விட்டுவிடவில்லை. அரசர்களின் வரலாற்றில் இந்த அக்கறையை நான் பார்த்ததில்லை.

*

சிட்வெல் எக்ஸிடர் நகரத்துப் புனிதை. அரிவாளுக்குத் தலை கொடுத்த கன்னி என்பது ஐதீகம். மோர்பாத்தில் அவள் பக்தியை வளர்த்தவர் ட்ரிக்கிதான். அவள் சுரூபத்துக்கு வெள்ளியில் காலணி செய்ய ஊரார் கொடுத்ததை அவர் குறித்திருக்கிறார்: செபமாலை, மோதிரம் என்று, கையில் இருந்ததை. தேனீக் கூட்டத்தை எழுதிவைத்துப் போனவர்களும் உண்டு. மெழுகு விளக்குக்கு ஆகும். கன்னிப் பெண்களுக்குத் தனி நிதி, அதை வசூலித்துக் கணக்கு ஒப்படைக்க அவர்களிலிருந்தே பொறுப்பாளர்கள். இளைஞர்களுக்கும் அப்படியே. விதவைகள் சில ஆண்டுகளில் கோயிலின் தலைமைப் பொறுப்பையே ஏற்றார்கள். அந்தக் காலத்துக் கிராமத்துப் பெண் வாய் திறக்கவில்லை என்று சொல்பவர்கள் இந்தப் பக்கங்களை ஒருமுறை புரட்டவேண்டும்.

*

மரித்தோர் பூசைக்குக் கறுப்பு உடுப்பு வேண்டும் என்பது ட்ரிக்கியின் நெடுநாள் ஆசை. தனக்கு வரவேண்டிய சிறு வருமானங்களை விட்டுக்கொடுத்து, சில்லறையாக ஏறத்தாழ இருபது வருடம் சேர்த்தார். 1547இல் உடுப்பு வந்து சேர்ந்தது. அதே வருடம் எட்டாம் ஹென்றி இறந்து, சிறுவன் ஆறாம் எட்வர்ட் அரியணையில் ஏறியிருந்தான். அவன் அரசு புராட்டஸ்டண்ட் வழியில் திரும்பியதும், அடுத்த சில ஆண்டுகளில் விளக்குகளுக்குத் தடை வந்தது, சுரூபங்கள் போயின, மரித்தோர் பூசையும் ஒழிந்தது. விளக்கே இல்லாதபோது புனிதர்களுக்கு ஆடு எதற்கு? மந்தையை விற்றுவிட்டார்கள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அன்றிரவு மேலே படிக்க மனம் வரவில்லை.

*

1549 ஜூன் மாதம் லத்தீன் பூசை நின்று, ஆங்கில வழிபாட்டு நூல் கட்டாயமானது. டெவனும் கார்ன்வாலும் எழுந்தன. கிளர்ச்சிக்காரர்கள் எக்ஸிடரை முற்றுகையிட்டார்கள். ஆகஸ்ட்டில் அரசுப் படை அவர்களை நொறுக்கியது, செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். மோர்பாத் கணக்கில் அந்த வருடம் ஐந்து இளைஞர்களை எக்ஸிடருக்கு வெளியே இருந்த பாளையத்துக்கு அனுப்பிய செலவு இருக்கிறது. அது கிளர்ச்சிக்காரர்களின் பாளையம் என்று எடுத்துக்காட்டியவர் வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி, இந்த ஊரைப் பற்றி 2001இல் அவர் எழுதிய நூலில். அந்த வரியில் கோஷம் இல்லை, கோபம் இல்லை, வழிச்செலவு மட்டும். செலவு ஊர்ப் பணம் என்பதுதான் என்னை உலுக்குகிறது. ஐந்து பிள்ளைகள் தாங்களாக ஓடிப்போகவில்லை. ஊர் காசு கொடுத்து அனுப்பியிருக்கிறது.

*

1553இல் மேரி அரசியானதும் பழைய வழிபாடு திரும்பியது. கோயில் பொருள்கள் வீடுகளிலிருந்து வெளியே வந்தன. எட்வர்ட் காலத்தில் அவற்றைப் பறிகொடுக்காமல் குடும்பங்கள் பதுக்கி வைத்திருந்தன. யார் எதைத் திருப்பிக் கொடுத்தார் என்பதை நன்றியோடு ட்ரிக்கி எழுதுகிறார். பழைய நாட்களில் ஆடுகளை எழுதியது போலவேதான், ஒன்று விடாமல்.

ஐந்தே ஆண்டு. எலிசபெத் வந்தாள், மறுபடியும் ஆங்கில வழிபாடு. ட்ரிக்கி இந்த முறையும் விலகவில்லை. அவர் வளைந்துகொடுத்தார் என்று குறை சொல்வது எளிது. அவர் போயிருந்தால் அந்த 33 வீட்டுக்கும் ஞானஸ்நானம் கொடுக்க, அடக்கம் செய்ய, அவர்களை அறியாத ஒருவர் வந்திருப்பார். தங்கியவர் பக்கமே நான் நிற்கிறேன்.