தாவீது குடியாத தண்ணீர்



குயவன் வீட்டைப் பற்றி (எரேமியா 18) நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். கெட்டுப்போன மண்ணைக் குயவன் வீசவில்லை, மறுபடியும் பிசைந்து இன்னொரு பாத்திரம் செய்தான் என்று சொல்லி முடித்துவிடுவேன். இந்த மாதம் என்னை வேறு விதமாய் யோசிக்க வைத்தவர் அமெரிக்காவில் ஒரு குயவர்.

ஏரென் டூல் என்பவர் 1991 வளைகுடா யுத்தத்திலே அமெரிக்க மரீன் படையில் இருந்தவர். பின்பு மண்பாண்டக் கலை படித்து, கலிபோர்னியாவில் பெர்க்லியிலே கோப்பை செய்கிறவரானார். பூப்போட்ட கோப்பை இல்லீங்க. மெடல், துப்பாக்கிக் குண்டு, பட்டாளத்து முத்திரை, யுத்தப் படங்கள், இதெல்லாம் அதில் பதிந்திருக்கும். 20,000-க்கும் மேல் செய்திருக்கிறார். விற்பதில்லை, சும்மாவே கொடுத்துவிடுகிறார். (நாமாயிருந்தால் பக்கத்தில் ஒரு காணிக்கைப் பெட்டி வைத்திருப்போம்!)

ஏன் கோப்பை? சுவரில் மாட்டின படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். கோப்பையைக் கையில் பிடித்து வாயில் வைக்க வேண்டுமே. "இது என்னப்பா?" என்று பிள்ளை கேட்கும். அடைத்துக்கிடந்த தகப்பன் வாய் அப்போது திறக்கும்.

2 சாமுவேல் 23-ஐ எடுத்துப் பாருங்கள். மூன்று பராக்கிரமசாலிகள் பெலிஸ்தர் பாளயத்தைக் கிழித்துக்கொண்டு போய், பெத்லகேம் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். நாம் அவர்கள் வீரத்தைப் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். தாவீதுக்கோ அந்தத் தண்ணீரில் இரத்தம் தெரிந்தது. குடிக்க மனம் வராமல் கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான்.

எனக்குத் தெரியவில்லை, பிரியமானவர்களே. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா நம் சபையில் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன் சாட்சி நேரத்தில் எழும்பி, "அந்த ராத்திரி..." என்றார். தொண்டை அடைத்துக்கொண்டது. நான் என்ன செய்தேன்? "அல்லேலூயா! கர்த்தர் ஐயாவைக் காப்பாத்தினார், கை தட்டுங்க" என்று சொல்லி அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டேன். நேரமாகிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் கேட்கப் பயம். அதன்பிறகு அவர் சாட்சிக்கு எழும்பவேயில்லை.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அம்மா டீ கொண்டுவந்தார்கள். "ஐயா, அன்னைக்கு உங்களைப் பேச விடாம பண்ணிட்டேன், மன்னிக்கணும்" என்றேன். டம்ளரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறிப்போகுது பாஸ்டர், குடிங்க" என்றார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். ஜெபிக்கக்கூட அவசரப்படாமல் இருட்டும்வரைக்கும் கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன், அது அவருடையது. ஆனால் வருகிற ஞாயிறு சாட்சி நேரத்தில் அவர் எழும்பினால், ஒருவரும் கை தட்டாதிருங்கள்.