பொய் இல்லாத பதிலும் பாவமாகுமா?

 

பொய் பேசுவது பாவம் என்று மக்தபில் ஓதும் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இன்று நாம் பார்க்கப் போவது அதைவிடச் சிக்கலான ஒரு கேள்வி. ஒருவர் நம்மிடம் ஒன்றைக் கேட்கிறார். நாம் சொல்லும் பதிலில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அவர் தெரிந்துகொள்ள வந்த விஷயம் மட்டும் அதில் இல்லை. இப்படிப் பதில் சொன்னவர் அல்லாஹ்விடம் தப்பித்துக்கொள்வாரா?

இதற்கு நம் நாட்டுப் பாராளுமன்றத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். இது எந்தக் கட்சியையும் தாக்குவதற்கான பேச்சு அல்ல. எல்லாக் கட்சியும் ஆண்டிருக்கிறது, எல்லா ஆட்சியிலும் இந்த நோய் இருந்திருக்கிறது. பொறுப்பில் இருப்பவர் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் நம் பேச்சு.

பாராளுமன்ற உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் கேட்கும் கேள்விகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. முதலாவது, நட்சத்திரக் குறியிட்ட கேள்வி. இதற்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். பதில் போதவில்லை என்றால் உறுப்பினர்கள் அங்கேயே துணைக் கேள்வி கேட்கலாம். இரண்டாவது, நட்சத்திரக் குறியிடாத கேள்வி. இதற்குப் பதில் எழுத்தில் வந்து அவையில் வைக்கப்படும், துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, எழுத்துப்பூர்வ கேள்விகள் 230 வரை. மாநிலங்களவையில் 15, 160. ஆக, நாட்டு மக்களின் சார்பில் கேட்கப்படுவதில் பெரும் பகுதிக்குக் காகிதத்தில்தான் பதில் வருகிறது.

2020 செப்டம்பரில் கொரோனா காலத்துக் கூட்டத்தொடர் நடந்தது. அதில் கேள்வி நேரமே இல்லை, எழுத்துப்பூர்வ பதில்கள் மட்டும்தான். அந்த ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்ததும் ரயிலும் பஸ்ஸும் நின்றுபோய், வெளியூரில் கூலி வேலை செய்த மக்கள் பிள்ளை குட்டிகளோடு நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்தார்களே, அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மே மாதம் மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே, நடந்த களைப்பில் தண்டவாளத்திலேயே தூங்கிவிட்ட 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். அவர்கள் கட்டிக்கொண்டு வந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்ததை நாடே பார்த்தது.

இப்படி ஊர் திரும்பும்போது உயிரிழந்தவர்கள் எத்தனை பேர், அந்தக் குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று மக்களவையில் கேட்கப்பட்டது. செப்டம்பர் 14 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சகம் எழுத்தில் தந்த பதிலின் சாரம் இதுதான்: அப்படிப்பட்ட புள்ளிவிவரம் எதுவும் வைத்திருக்கவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியும் எழவில்லை. ஒரு கோடிக்கும் அதிகமான தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள் என்ற கணக்கு மட்டும் அரசிடம் இருந்தது.

சில நாட்களில் மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சர் இன்னொரு பதில் தந்தார். ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது 97 பேர் இறந்திருக்கிறார்கள் என்பது அந்தப் பதில். ரயில்வே துறை தன் வண்டியில் இறந்தவர்களை எண்ணி வைத்திருந்தது. சாலையில் நடந்தே இறந்தவர்களின் மொத்தக் கணக்கு எங்கும் இல்லை.

இப்போது நியாயமாக யோசிப்போம். "எங்களிடம் கணக்கு இல்லை" என்று தொழிலாளர் துறை சொன்னது பொய்யா? இல்லை. உண்மையிலேயே இல்லை, அதனால் இல்லை என்றார்கள். இட்டுக்கட்டி ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் அதுதான் பெரிய குற்றம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது நம் மார்க்கத்தில் கண்ணியமான குணம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் எத்தனையோ கேள்விகளுக்கு "எனக்குத் தெரியாது" என்று தயங்காமல் சொன்னவர்கள். அதனால் அவர்களுடைய மதிப்பு குறையவில்லை, கூடியது.

அப்படியானால் அமைச்சகத்தின் பதிலில் என்ன குறை?

"தெரியாது" என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தெரிந்து வைத்திருக்கும் கடமை இல்லாதவர் சொல்லும் "தெரியாது" ஒன்று. தெரிந்து வைத்திருக்க வேண்டிய பொறுப்பாளி சொல்லும் "தெரியாது" இன்னொன்று. வழிப்போக்கரிடம் "இந்த எத்தீமின் சொத்து எவ்வளவு?" என்று கேட்டால் அவர் தெரியாது என்பார், அதில் குற்றமில்லை. அந்த அனாதைப் பிள்ளையின் சொத்தைப் பராமரிக்கும் வலீ "நான் கணக்கு வைக்கவில்லை" என்றால்? அந்தப் பதிலே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

ஹனஃபி ஃபிக்ஹு கிதாபுகளில் "தஜ்ஹீல்" என்று ஒரு விஷயம் வரும். ஒருவரிடம் நீங்கள் ஒரு பொருளை அமானிதமாகக் கொடுத்து வைக்கிறீர்கள். அவருடைய கவனக்குறைவு எதுவுமில்லாமல் அது தொலைந்துவிட்டால் அவர் ஈடு தர வேண்டியதில்லை. ஆனால், எது அமானிதப் பொருள், யாருடையது, எங்கே இருக்கிறது என்று எதையுமே தெளிவுபடுத்தாமல் அவர் மௌத்தாகிவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து ஈடு கொடுக்க வேண்டும். அவர் திருடினார் என்று யாரும் சொல்லவில்லை. பொருளை அறிய முடியாத நிலையில் விட்டுவிட்டார், அவ்வளவுதான். அதுவே அவர் மீது கடனாகிவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த எழுத்துப்பூர்வ பதிலில், கணக்கு இல்லை என்பது இழப்பீடு தராமல் இருப்பதற்குக் காரணமாகிறது. நம் ஃபகீஹ்கள் சொன்ன சட்டத்தில், கணக்கு இல்லாமல் விட்டதுதான் ஈடு கொடுப்பதற்கே காரணமாகிறது. உயிரும் அமானிதம்தான். ஊரடங்கைப் போட்டு வண்டிகளை நிறுத்தியவர்களுக்கு, அதனால் நடந்தவர்களையும் விழுந்தவர்களையும் எண்ண வேண்டிய பொறுப்பு இருந்தது. முழுக் கணக்கு எடுப்பது சிரமம் என்பது உண்மை. தன் கைக்கு எட்டியதையாவது ஒரு துறை எண்ண முடியும் என்பதற்கு அந்த 97 சாட்சி.

இரண்டாவது வகைப் பதில் இதைவிட நுட்பமானது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்ஸிஜனுக்காக மக்கள் அலைந்த அலைச்சல் உங்களுக்கு நினைவிருக்கும். கர்நாடகத்தின் சாமராஜநகர் அரசு மருத்துவமனையில் ஒரே நாளில் 24 நோயாளிகள் இறந்தார்கள், ஆக்ஸிஜன் தீர்ந்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் கதறினார்கள். அந்த ஆண்டு ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் ஆக்ஸிஜன் பற்றாக்குறை மரணங்கள் பற்றிய கேள்விக்குச் சுகாதாரத் துறை எழுத்தில் பதில் தந்தது: சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு, ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை.

இதிலும் பொய் இல்லை. மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்பது உண்மை. அந்த மாநிலங்களைப் பல கட்சிகள் ஆண்டுகொண்டிருந்தன, ஆகவே எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. இறப்பின் காரணத்தை எழுதும் இடத்தில் நோயின் பெயரை எழுதுவார்கள், சிலிண்டர் வந்து சேரவில்லை என்று எழுதும் வழக்கம் இல்லை. எழுதாததை மாநிலம் தெரிவிக்காது. தெரிவிக்காததை டெல்லி சொல்லாது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் உண்மையைத்தான் சொன்னார். கடைசியில் வாப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைக்குக் கிடைத்த செய்தி, அப்படி யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்பது!

ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கண்டித்து, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அந்த வியாபாரி பொய் சொன்னதாக ஹதீஸில் இல்லை. மேலே இருந்த தானியம் காய்ந்ததுதான், அதுவும் உண்மைதான். உண்மையை அடுக்கி வைத்த முறையில்தான் மோசடி இருந்தது.

வியாபாரத்தில் பரக்கத் இறங்குவதற்கு நபியவர்கள் சொன்ன நிபந்தனை ஒன்றல்ல, இரண்டு. உண்மை பேச வேண்டும், தெளிவுபடுத்தவும் வேண்டும். அரபியில் ஸித்க், பயான். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸ். மிம்பரில் நாங்கள் செய்வதை நீங்கள் பயான் என்கிறீர்களே, அந்தச் சொல்லின் பொருளே தெளிவுபடுத்துதல்தான். ஸித்க் இருந்து பயான் இல்லாவிட்டால் கடமை பாதிதான் நிறைவேறியது.

"மவ்லானா, 'தவ்ரியா' கூடும் என்று நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள்?" என்று ஓதிய பிள்ளைகள் கேட்கலாம். இருபொருள்படப் பேசி, கேட்பவர் ஒன்றை நினைக்க, நாம் இன்னொன்றைக் கருதுவதுதான் தவ்ரியா. கூடும்தான், ஆனால் எப்போது? இமாம் நவவீ (ரஹ்) தங்கள் அல்-அத்கார் நூலில் இதைப் பிரித்துக் காட்டுகிறார்கள். மார்க்கம் ஏற்கும் நன்மையோ தவிர்க்க முடியாத தேவையோ இருந்தால் குற்றமில்லை. அப்படி எதுவும் இல்லையென்றால் மக்ரூஹ். அதைக் கொண்டு அநியாயமாக ஒன்றை அடையவோ, ஒருவருடைய ஹக்கைத் தட்டிக்கழிக்கவோ செய்தால் ஹராம். கொலைகாரன் துரத்தி வரும்போது ஒளிந்திருப்பவரைக் காப்பாற்றச் சுற்றி வளைத்துப் பேசலாம். நாட்டின் பாதுகாப்பு ரகசியத்தை அமைச்சர் சொல்லாமல் இருப்பதும் புரிந்துகொள்ளக்கூடியதே. மய்யித்தின் குடும்பத்துக்கு அந்த வாசல் திறக்காது.

காழி ஒருவரைச் சத்தியம் செய்யச் சொன்னால், அவர் மனதுக்குள் வேறொன்றை வைத்துக்கொண்டு சத்தியம் செய்து தப்ப முடியாது. கேட்டவர் என்ன கருதிக் கேட்டாரோ அதுவே சத்தியத்தின் பொருள் என்பது ஹதீஸிலிருந்து எடுக்கப்பட்ட சட்டம். கேட்கும் உரிமை உள்ளவர் கேட்டால், அவருடைய கருத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினருக்கு அமைச்சரிடம் கேட்கும் உரிமை இருக்கிறது.

கேட்பவருக்கும் கடமை உண்டு, விடாமல் கேட்பது. 1957ல் எல்.ஐ.சி. பணம் ஒரு கோடிக்கும் மேல் ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் கம்பெனிகளில் போடப்பட்டது. பாலிசிதாரர்களின் பணம்! இதை மக்களவையில் விடாமல் துருவியவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். நமக்கேன் வம்பு என்று அவர் ஒதுங்கவில்லை. நீதிபதி சாக்ளா தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். கேள்வி கேட்பது பகைமை ஆகாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

"தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் எழுதினால் அது வாக்குறுதியாகவே கணக்கில் வரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இதைக் கண்காணிக்கவே மக்களவையில் 1953லிருந்து ஒரு குழு இருக்கிறது. இந்தக் கேள்விகளும் பதில்களும் இரு அவைகளின் இணையதளங்களில் எல்லோரும் படிக்கும்படி இருக்கின்றன. உங்கள் தொகுதி எம்.பி. என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று ஒரு நாள் எடுத்துப் படித்துப் பாருங்கள். கேட்க வேண்டியது எதுவும் இருந்தால் அவருக்கு எழுதிப் போடுங்கள்.

சகோதரர்களே! டெல்லியைப் பற்றிக் கேட்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. கொஞ்சம் நம் மஹல்லாவுக்கு வருவோம். "கபரஸ்தான் சுவர் கட்ட வசூலித்த பணம் எவ்வளவு மீதி?" என்று ஜமாஅத்தில் ஒருவர் கேட்கிறார். "கணக்கெல்லாம் ஆடிட் செய்து வைத்திருக்கிறோம்" என்று நிர்வாகி சொல்கிறார். உண்மைதான், அவர் கேட்டது அதுவல்லவே! கூட்டுக் குடும்பத்தில் தங்கச்சி கேட்கிறாள்: "காக்கா, வாப்பா சொத்துல எனக்கு என்ன பங்கு?" "உனக்கு எப்பவும் குறை வச்சதில்லையே" என்று காக்கா சொல்கிறார். குறை வைக்காமல் இருந்திருக்கலாம், அவளுடைய பங்கு எவ்வளவு என்பது அந்தப் பதிலில் இல்லை. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறார்கள். "நல்ல குடும்பம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவரிடம் பொருள் வசதி இல்லை, மற்றவர் பெண்களிடம் கடுமையானவர் என்று நபியவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்தப் பதிலில் இருந்தது.

ஆகவே, உங்களிடம் யாரும் கேள்வி கேட்டால் இரண்டைப் பாருங்கள். நான் சொல்வது உண்மையா? கேட்டவருக்கு இது தெளிவைத் தருகிறதா? தெரியாது என்று சொல்லும் முன், தெரிந்து வைத்திருக்க வேண்டியது என் பொறுப்பா என்று ஒரு தடவை யோசியுங்கள். உங்கள் பொறுப்பு என்றால், தெரியாது என்பதோடு நிறுத்தாமல், எப்போது தெரிந்து சொல்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறுமையில் நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளியாக நிறுத்தப்பட்டு விசாரிக்கப்படுவோம். அங்கே கேட்பவன் உள்ளத்தில் இருப்பதையும் அறிந்தவன்.

யா அல்லாஹ்! கணக்கில் வராமல் இறந்துபோன அந்த ஏழைகளின் குடும்பங்களுக்கு ஆறுதலையும் நீதியையும் தருவாயாக! எங்களை ஆள்பவர்களுக்கும் எங்களுக்கும் உண்மையைத் தெளிவாகச் சொல்லும் தைரியத்தைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.